தீபாவளி ஏன் நகர்கிறது, பொங்கல் ஏன் நகர்வதில்லை?

ஆண்டு இறுதி நெருங்கும்போது தமிழக அரசு அடுத்த ஆண்டுக்கான பொது விடுமுறைப் பட்டியலை வெளியிடுகிறது. எந்தப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் வந்து விடுமுறையை விழுங்கிவிட்டது என்பதைத்தான் நம் கண் முதலில் தேடும். நான்கைந்து ஆண்டுப் பட்டியல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். பொங்கல் ஜனவரி 14இலோ 15இலோ வருகிறது, அதைத் தாண்டுவதில்லை. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று முன்கூட்டி வந்துகொண்டே இருந்து, 2026இல் திடீரென நவம்பர் 8க்குத் தாவுகிறது. ரம்ஜான் 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31. அது தாவுவதே இல்லை. ஆண்டுக்கு ஆண்டு முன்னதாகவே வருகிறது. புனித வெள்ளிக்குத் தேதி மாறும், கிழமை மாறாது. கிறிஸ்துமஸுக்குக் கிழமை மாறும், தேதி மாறாது.

ஒரே பட்டியலில் இத்தனை விதமான போக்கு இருப்பது தற்செயல் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வானத்தைப் பார்த்து ஒரு சமூகம் எடுத்த முடிவு இருக்கிறது. அந்த முடிவைப் புரிந்துகொள்ளச் சோதிடமோ கணிதப் புலமையோ வேண்டியதில்லை. இரண்டு எண்கள் போதும்.

இரண்டு எண்களும் ஒரு தொல்லையும்

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53 நாட்கள் ஆகின்றன. கோடை, மழை, பனி என்று பருவங்கள் ஒரு சுற்று முடித்து மீண்டும் தொடங்க 365.24 நாட்கள் ஆகின்றன. முதலாவது நிலவின் கணக்கு, இரண்டாவது சூரியனின் கணக்கு.

தொல்லை என்னவென்றால், இரண்டாவது எண் முதலாவதால் மீதியில்லாமல் வகுபடுவதில்லை. 12 நிலவு மாதங்களைக் கூட்டினால் 354 நாட்களுக்குச் சற்று மேலே வருகிறது. சூரிய ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாட்கள் குறைவு. சரி, 13 மாதங்கள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றால் 384 நாட்கள் ஆகிவிடுகின்றன. 19 நாட்கள் கூடுதல். எப்படிப் போட்டாலும் இடிக்கிறது.

அந்த 11 நாட்களை என்ன செய்வது? உலகத்தின் பண்டிகை நாட்காட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் சொன்ன பதில்கள்தான். சிலர் நிலவை மட்டும் நம்பி, 11 நாட்கள் போனால் போகட்டும் என்றார்கள். சிலர் சூரியனை மட்டும் பிடித்துக்கொண்டு நிலவை விட்டார்கள். வேறு சிலர் இரண்டையும் விட மனமில்லாமல், சிறுசேமிப்பு போல அந்த நாட்களைச் சேர்த்து வைத்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு முழு மாதமாகக் கணக்கில் போட்டார்கள்.

மேலே பார்த்த தீபாவளித் தேதிகளை இப்போது மீண்டும் பாருங்கள். நவம்பர் 12இலிருந்து அக்டோபர் 31க்கு 12 நாட்கள், அங்கிருந்து அக்டோபர் 20க்கு 11 நாட்கள் முன்னதாக வந்துவிட்டு, அடுத்த ஆண்டு சரியாக 19 நாட்கள் தள்ளிப் போகிறது. தீபாவளி மூன்றாவது வகை.

நிலவை மட்டும்

இஸ்லாமிய ஆண்டுக்கு 12 நிலவு மாதங்கள். அதற்கு மேல் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. இது நபிகள் நாயகம் காலத்து முடிவு. அதற்கு முன் அரேபியாவில் மாதங்களைத் தள்ளிப்போடும் வழக்கம் இருந்தது. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் மாதங்களின் எண்ணிக்கை 12 என்று சொல்லி, அப்படித் தள்ளிப்போடுவதைக் கண்டிக்கிறது. அதனால் ரமலான் மாதம் ஆண்டுதோறும் 10, 11 நாட்கள் முன்கூட்டி வருகிறது. சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் தொட்டுவிட்டு ஒரு சுற்றை முடிக்கிறது.

எனக்கு இது மிகுந்த நியாயமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. நோன்பு விடியலுக்கு முன்னிருந்து சூரியன் மறையும் வரை. ரமலான் சூரிய மாதமாக இருந்து எப்போதும் ஜூனிலேயே வந்திருந்தால், நார்வேயில் இருப்பவர் வாழ்நாள் முழுவதும் 18 மணி நேரத்துக்கு மேல் பட்டினி கிடக்க வேண்டும்; தென்கோளத்தில் இருப்பவருக்கோ ஆயுள் முழுவதும் குளிர்காலத்துக் குறுகிய பகல்தான். நிலவுக் கணக்கில் நீண்ட பகலும் குறுகிய பகலும் எல்லோருக்கும் மாறி மாறி வந்துவிடுகின்றன. 2019இல் ரமலான் மே மாதத்தில் வந்தது. அக்கினி நட்சத்திர வெயிலில் பள்ளி மாணவனாக நோன்பிருந்த சென்னைப் பையன், 2030 டிசம்பரில் மார்கழிக் குளிரில் நோன்பு பிடிப்பான்.

மாதம் எப்போது பிறக்கிறது என்பதையும் பிறைதான் சொல்ல வேண்டும். 29ஆம் நாள் மாலையில் மேற்கு வானில் பிறை தெரிந்தால் மறுநாள் புது மாதம். தெரியாவிட்டால் 30 நாட்களைப் பூர்த்தி செய்துவிட்டு அடுத்த மாதத்தைத் தொடங்குவார்கள். தமிழ்நாட்டில் தலைமை காஜியின் அறிவிப்புக்காக அன்றிரவு வீடுகள் காத்திருக்கும். தையல்காரருக்கும் கறிக்கடைக்காரருக்கும் அந்த இரவு உறக்கம் இல்லை. சவூதியில் பல ஆண்டுகளில் நமக்கு ஒரு நாள் முன்பே பெருநாள் வருவதற்குக் காரணம் எளியது. மேற்கே போகப் போகச் சூரியன் மறைவது தாமதமாகிறது. அதற்குள் நிலவு சூரியனை விட்டு இன்னும் சற்று விலகிவிடுகிறது. பிறை கண்ணில் படும் வாய்ப்பு கூடுகிறது. மேகமும் குறுக்கே வரலாம். 2024இல் கேரளத்தில் ஏப்ரல் 10 அன்று பெருநாள்; தமிழ்நாட்டில் மறுநாள்.

சூரியனை மட்டும்

உழவோடு பிறந்த பண்டிகைகள் பெரும்பாலும் சூரியனைச் சார்ந்தவை. நெல்லுக்கும் மழைக்கும் நிலவோடு தொடர்பில்லை. அவை சூரியனின் போக்கைப் பொறுத்தவை. தமிழ் மாதங்கள் சூரிய மாதங்கள் என்பதால், சூரியன் மகர ராசிக்குள் நுழையும் தை முதல் நாள் ஆங்கிலத் தேதியில் ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது. சம்பா அறுவடையும் அதையொட்டியே அமைகிறது.

ஆடிப்பெருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிக் குடகு மலையில் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் காவிரியில் இறங்கிச் சமவெளிக்கு வந்து நிறையும் நேரம் ஆடி நடு. ஆகவே ஆடி 18. ஆங்கிலத் தேதியில் ஆகஸ்ட் 2 அல்லது 3. படித்துறையில் காதோலை கருகமணியும் பழமும் வைத்து வணங்கி, முளைப்பாரியை ஆற்றில் விட்டு, புளியோதரையும் தேங்காய்ச் சோறும் கட்டிக்கொண்டு போய்க் கரையில் அமர்ந்து சாப்பிடும் அந்த நாளுக்குத் திதி பார்ப்பதில்லை, நட்சத்திரம் பார்ப்பதில்லை. பதினெட்டு என்ற எண்ணே போதும். நிலவுக் கணக்கில் வைத்திருந்தால் சில ஆண்டுகளில் வெள்ளம் ஒரு பக்கமும் விழா ஒரு பக்கமுமாகப் போயிருக்கும். (மேட்டூர் அணை வந்த பிறகு வெள்ளத்தை மழையோடு மதகும் சேர்ந்து தீர்மானிக்கிறது என்பது வேறு விஷயம்.)

சித்திரை முதல் நாளும் இதே கணக்குதான். இந்தியாவில் உருவான இந்தச் சூரியக் கணிதம் கடல் கடந்தும் பரவியது. அதனால்தான் ஏப்ரல் நடுவில் தமிழ்ப் புத்தாண்டு, கேரளத்தின் விஷு, பஞ்சாபின் வைசாகி, இலங்கையின் சிங்களப் புத்தாண்டு, மியான்மரின் திஞ்ஞான், தாய்லாந்தின் சொங்க்ரான், கம்போடியப் புத்தாண்டு எல்லாம் ஓரிரு நாள் வித்தியாசத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. யாழ்ப்பாணத்தில் அன்று மருத்துநீர் வைத்து முழுகி, பெரியவர்கள் கையால் கைவிசேஷம் வாங்குவார்கள். தாய்லாந்தில் தெருவே தண்ணீரில் நனைந்திருக்கும். அந்த நாடு 1941இல் அரசு முறைப் புத்தாண்டை ஜனவரி 1க்கு மாற்றிவிட்டது. ஆனாலும் மக்கள் ஊருக்குத் திரும்புவது சொங்க்ரானுக்குத்தான்.

பொங்கல் அசைவதில்லை என்று தலைப்பில் சொன்னேன். துல்லியமாகச் சொன்னால் அதுவும் அசைகிறது, ஒரு மனிதரின் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி. இன்று சங்கராந்தி 14 அல்லது 15. நம் பஞ்சாங்கம் சூரியனின் இடத்தை விண்மீன்களைப் பின்னணியாக வைத்து அளக்கிறது. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் மெல்லச் சுழல்வதால், விண்மீன் ஆண்டு பருவ ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளம். அந்த 20 நிமிடங்கள் சேர்ந்து 70 ஆண்டுகளில் ஒரு நாளாகின்றன. சூரியன் உண்மையில் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. உத்தராயணம் என்று நாம் கொண்டாடுவது மூன்று வாரத்துக்கும் மேல் கழித்து.

ஈரானின் நவ்ரூஸில் இந்த வழுக்கல் இல்லை. பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதக் கணத்தைத்தான் அவர்கள் புத்தாண்டாகக் கொள்கிறார்கள். நாள் என்று சொல்லாமல் கணம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அது நொடி வரை அறிவிக்கப்படுகிறது. நண்பகலிலும் வரும், பின்னிரவு மூன்று மணிக்கும் வரும். எப்போது வந்தாலும் குடும்பம் முழுவதும் ஹஃப்த் ஸீன் விரிப்பைச் சுற்றி அமர்ந்திருக்கும். பூண்டு, ஆப்பிள், வினிகர் என்று ஏழு பொருட்கள். அவற்றில் முதன்மையானது தட்டில் வளர்த்த பச்சைக் கோதுமை முளை. பண்டிகையின் பதின்மூன்றாம் நாள் அந்த முளையை ஓடும் நீரில் விடுவார்கள். ஆடிப்பெருக்கில் முளைப்பாரி விட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நவ்ரூஸைப் பருவத்தோடு இறுகக் கட்டிய சீர்திருத்தம் 1079இல் நடந்தது. அதைச் செய்த வானியலாளர் குழுவில், நாம் கவிஞராக மட்டும் அறிந்த உமர் கய்யாமும் இருந்தார்.

இரண்டையும் விடாதவர்கள்

கணக்கு உண்மையிலேயே சுவைபிடிப்பது இங்கேதான்.

யூதர்களின் பாஸ்கா எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் விழா. நீசான் மாதத்தின் முழுநிலவில் வர வேண்டும். அதே சமயம், வாற்கோதுமை கதிர்விடும் வசந்தத்திலும் வர வேண்டும் என்பது யூத மறைநூலான தோராவின் கட்டளை. நிலவும் வேண்டும், பருவமும் வேண்டும். பழங்காலத்தில் எருசலேமின் பெரியவர்கள் பயிரின் நிலையையும் பார்த்து, இந்த ஆண்டுக்கு ஒரு மாதம் கூட்டலாமா என்று முடிவு செய்தார்கள். பின்னாளில் யூதர்கள் பல நாடுகளுக்குச் சிதறியபோது அந்த முடிவைக் கணக்கிடம் ஒப்படைத்தார்கள். 19 சூரிய ஆண்டுகளும் 235 நிலவு மாதங்களும் ஏறக்குறைய ஒரே நீளம். இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். ஏதென்ஸின் வானியலாளர் மெட்டன் கி.மு. 432இல் இந்தச் சுழற்சியை அறிவித்தார். பாபிலோனியரும் இதைப் பயன்படுத்தினார்கள். 19 ஆண்டுகளுக்கு 12 வீதம் 228 மாதங்கள். குறைவது 7. ஆகவே 19 ஆண்டுகளில் ஏழு முறை, யூதர்களின் அதார் மாதம் இரண்டு முறை வரும்.

அந்தப் பழைய காலத்தின் தடம் ஒன்று இன்றும் அழியவில்லை. மாதம் பிறந்த செய்தியை எருசலேமிலிருந்து தூதர்கள் கொண்டுபோக வேண்டியிருந்தது. தொலைவில் இருந்தவர்களுக்குச் செய்தி உரிய நேரத்தில் சேராது; எந்த நாள் சரி என்று தெரியாமல் இரண்டு நாட்களும் கொண்டாடினார்கள். இன்று சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் இஸ்ரேலுக்கு வெளியே வாழும் மரபு வழுவாத குடும்பங்கள் பாஸ்கா விருந்தை இரண்டு இரவுகள் வைக்கின்றன. பாட்டன் பூட்டன் செய்ததை விடக் கூடாது என்ற பிடிப்பு அது.

சீனர்கள் கூடுதல் மாதத்துக்கு வேறொரு விதி வைத்தார்கள். சூரியன் செல்லும் பாதையை 12 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் தொடக்கத்தையும் குறித்துக்கொண்டார்கள். சாதாரணமாக ஒவ்வொரு நிலவு மாதத்திலும் சூரியன் ஒரு புதிய கூறில் நுழையும். நிலவு மாதம் சற்றுக் குட்டையாதலால், எப்போதாவது ஒரு மாதத்தில் சூரியன் எந்தக் கூறிலும் புதிதாக நுழையாது. அந்த மாதம்தான் கூடுதல் மாதம். அதற்குத் தனிப் பெயர் கிடையாது. இப்போது நம் பஞ்சாங்கத்தைத் திறந்து பாருங்கள். சூரியன் எந்த ராசிக்கும் மாறாத சாந்திர மாதம், அதாவது நிலவு மாதம், அதிக மாதம். விதி அதே விதி! 2023இல் ஜூலை, ஆகஸ்டில் அதிக மாதம் வந்தது. தீபாவளி நவம்பருக்குத் தள்ளிப்போனது. 2026இல் மே, ஜூனில் வருவதால் மறுபடியும் நவம்பர்.

தீபாவளிக்குள்ளேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. தமிழகத்தில் ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியன்று விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதே பண்டிகை. வட இந்தியாவில் அமாவாசை மாலை இலட்சுமி பூசையே பண்டிகை. நாம் விடியலைப் பார்க்கிறோம், அவர்கள் அந்தியைப் பார்க்கிறார்கள். காலையில் சதுர்த்தசி இருந்து மாலைக்குள் அமாவாசை பிறந்துவிட்டால் இரண்டும் ஒரே தேதியில் அமையும். 2025இல் அப்படித்தான் அமைந்தது. இல்லாவிட்டால் ஒரு நாள் இடைவெளி.

தமிழர்கள் சூரிய மாதத்தையும் நிலவின் இடத்தையும் கோத்து வைத்த விழாக்கள் பல. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் ஆகியவற்றில் முதல் சொல் சூரியன் இருக்கும் மாதம், இரண்டாவது அன்று நிலவு நிற்கும் நட்சத்திரம். பழனியிலும் மலேசியாவின் பத்துமலையிலும் காவடி ஒரே நாளில் எழுவது இந்த ஒரே குறிப்பால். மார்கழி வளர்பிறையில் வரும் வைகுண்ட ஏகாதசியின் போக்கு இன்னும் வியப்பு. 2023இல் ஜனவரி 2, டிசம்பர் 23 என்று இரண்டு முறை வந்தது. 2024இல் வரவே இல்லை. 2025இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று மீண்டும் இரண்டு. திருவரங்கத்தின் கணக்கில் எந்தக் குழப்பமும் இல்லை. மார்கழி மாதம் டிசம்பரிலும் ஜனவரியிலும் கால் வைத்திருப்பதால், ஆங்கில ஆண்டைக் கொண்டு எண்ணுபவர்களுக்குத்தான் அப்படித் தெரிகிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு 1985ஆம் ஆண்டைச் சொல்லலாம். வியட்நாமின் தெத் பண்டிகையும் சீனப் புத்தாண்டும் ஒரே விதிப்படி வருபவை. பெரும்பாலும் ஒரே நாள். அந்த ஆண்டு வியட்நாம் ஜனவரி 21இலும் சீனா பிப்ரவரி 20இலும் கொண்டாடின. முழுதாக ஒரு மாத இடைவெளி. காரணம் கடிகாரத்தில் இருந்த ஒரு மணி நேரம். சூரியன் தென்கோடியைத் தொடும் டிசம்பர் கணம் 11ஆம் மாதத்தில் அமைய வேண்டும் என்பது விதி. 1984இல் அந்தக் கணம் ஹனோய் நேரப்படி டிசம்பர் 21 இரவு 11.23. பெய்ஜிங் நேரம் ஒரு மணி முன்னால் ஓடுவதால் அங்கே அது 22ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12.23. புது நிலவு மாதம் தொடங்கியதோ 22ஆம் தேதி. எனவே அந்தக் கணம் ஹனோய்க்கு முந்தைய மாதத்தில் விழுந்தது, பெய்ஜிங்குக்குப் புதிய மாதத்தில் விழுந்தது. மாத எண்ணே மாறிப்போயிற்று.

ஈஸ்டர்: மூன்று நிபந்தனைகள்

இயேசு சிலுவையில் அறையப்பட்டது பாஸ்கா காலத்தில். ஆகவே ஈஸ்டருக்கும் வசந்தமும் முழுநிலவும் வேண்டும். உயிர்த்தெழுந்தது ஞாயிறு என்பதால் கிழமையும் வேண்டும். எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று கி.பி. 325இல் நைசியா பொதுச்சங்கம் முடிவெடுத்தது. நடைமுறையில் நிலைத்த விதி இது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஆகவே மார்ச் 22க்கு முன்பும் ஏப்ரல் 25க்குப் பின்பும் ஈஸ்டர் வராது. சாம்பல் புதன், தவக்காலம், குருத்து ஞாயிறு, பெந்தெகொஸ்தே எல்லாம் ஈஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்பவை. தவக்காலத்துக்கு முன் நடக்கும் ரியோ டி ஜெனிரோவின் கார்னிவலும் அப்படியே.

ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி ஆண்டை 365.25 நாட்கள் என்று சற்றுக் கூடுதலாகக் கொண்டிருந்ததால், நூற்றாண்டுகள் போகப் போக ஈஸ்டர் பருவத்தை விட்டு விலகியது. 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 10 நாட்களை வெட்டினார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. நாம் இன்று பயன்படுத்தும் நாட்காட்டியே ஈஸ்டர் தேதியைச் சரிசெய்யப் பிறந்ததுதான். கிழக்குத் திருச்சபைகள் பல பழைய கணக்கிலேயே நின்றன. அந்த இடைவெளி இப்போது 13 நாட்கள். அதனால்தான் ரஷ்யாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. உக்ரைன் 2023இல் டிசம்பர் 25க்கு மாறியது. 2025இல் கிழக்கு, மேற்கு இரண்டின் ஈஸ்டரும் ஏப்ரல் 20இல் ஒன்றாக அமைந்தன.

வேறு கணக்குகளும் உண்டு

பாலித் தீவில் கலுங்கான் விழா 210 நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. 7 நாள் வாரங்கள் 30 கொண்ட சுழற்சி அது. சூரியனோடும் சேராது, நிலவோடும் சேராது. அப்போது மூதாதையர் வீட்டுக்கு வருவதாக நம்பி, வாசல்தோறும் வளைந்த மூங்கில் கம்பங்களை அலங்கரித்து நடுகிறார்கள். அதே தீவில் சக ஆண்டுக் கணக்குப்படி வரும் நியெப்பி புத்தாண்டன்று ஓசை இல்லை, விளக்கு இல்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. விமான நிலையத்தையும் 24 மணி நேரம் மூடிவிடுகிறார்கள்.

பார்சிகளில் பெரும்பாலோர் பின்பற்றும் மரபு நாட்காட்டியில் மிகுநாள் கிடையாது. 365 நாட்கள், அவ்வளவுதான். நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நழுவி நழுவி, வசந்தத்தில் இருக்க வேண்டிய அவர்களின் புத்தாண்டு மும்பையின் மழைக்காலத்தில், ஆகஸ்ட் நடுவில் வருகிறது.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் ஒரு விண்மீன் கூட்டத்தை எதிர்பார்க்கிறார்கள். ஜூன், ஜூலையில் விடியலுக்கு முன் கீழ்வானில் மாட்டாரிக்கி எழுவது அவர்களுக்குப் புத்தாண்டு. அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லி நினைவுகூருகிறார்கள். 2022 முதல் அது தேசிய விடுமுறை. அந்த விண்மீன்கள் வேறெதுவும் இல்லை, நம் கார்த்திகைப் பெண்கள் அறுவர்தான். திருவண்ணாமலையில் தீபம் ஏற்றும் மாலையில் அதே கூட்டம் முழுநிலவுக்கு அருகே கிழக்கில் எழுகிறது. சூரியனுக்கு எதிர்ப்புறம் அது நிற்கும் காலம் நமக்குத் திருவிழா; சூரியனுக்குப் பின்னாலிருந்து வெளிப்படும் காலம் அவர்களுக்கு. ஆறு மாத இடைவெளியில் இரண்டு மக்கள் ஒரே விண்மீன்களுக்கு விழா எடுக்கிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி உண்டாயிற்று.

ஒரு நாடு நாட்காட்டியையே மாற்றிவிட்டால் பண்டிகைகள் என்ன ஆகும்? ஜப்பான் 1873 ஜனவரி 1 அன்று ஐரோப்பிய நாட்காட்டிக்கு மாறியது. புத்தாண்டு ஜனவரி 1க்குப் போய்விட்டது. முன்னோரை வீட்டுக்கு அழைக்கும் ஓபோன் பழைய கணக்கில் ஏழாம் மாதத்தின் முழுநிலவில் வந்தது. டோக்கியோவின் பல பகுதிகள் "ஏழாம் மாதம் என்றால் ஜூலை" என்று எடுத்துக்கொண்டன. நாட்டின் பெரும்பகுதி பழைய பருவத்தை ஒட்டி ஆகஸ்ட் நடுவில் வைத்துக்கொண்டது. ஒக்கினாவா இன்றும் நிலவையே பார்க்கிறது. ஒரே விழாவுக்கு மூன்று காலம்.

எது சரியான தேதி?

"இவர்களுக்குள்ளேயே ஒரு தேதியில் ஒற்றுமை இல்லையே" என்று சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. பிறை விஷயத்தில் அதிகம் கேட்கலாம். இதில் ஏளனத்துக்கு ஒன்றுமில்லை. பிறையைக் கண்ணால் பார்க்க வேண்டுமா, கணக்கிட்டால் போதுமா என்பது முஸ்லிம்களின் கேள்வி மட்டும் அல்ல. துருக்கி கணக்கைப் பின்பற்றுகிறது, நம் ஊர் கண்ணைப் பின்பற்றுகிறது. நம் பஞ்சாங்கங்களிலேயே பழைய வாய்பாடுகளைப் பின்பற்றும் வாக்கியம், வானில் உள்ள நிலைக்கேற்பத் திருத்திய திருக்கணிதம் என்று இரண்டு உண்டு. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29இல் நடந்தது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில், அது 2026இல்தான் என்று அறிவித்தது. எருசலேமின் தூதர்கள், ஹனோயின் கடிகாரம், கிரகோரி வெட்டிய 10 நாட்கள் எல்லாம் இதே வகைக் கேள்விகள்தான். 29.53, 365.24 என்ற இரண்டு எண்களைக் கொடுத்தது வானம். அவற்றைச் சேர்த்துக் கட்டும் பொறுப்பு மனிதர்களுடையது. கட்டும் இடத்தில் வேறுபாடு வரவே செய்யும்.

இனி நாட்காட்டியைக் கையில் எடுத்து நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பண்டிகை அடுத்த ஆண்டு ஏறக்குறைய அதே தேதியில் வந்தால் அது சூரியனுடையது. 11 நாட்கள் முன்கூட்டி வந்தால் நிலவு கலந்தது. அதே பண்டிகை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 19 நாட்கள் தள்ளிப் போனால் இரண்டும் சேர்ந்தது. தள்ளிப் போகவே இல்லையென்றால் நிலவு மட்டும். 2026இல் நவம்பர் 8இல் இருக்கும் தீபாவளி 2027இல் அக்டோபர் இறுதிக்கு வந்தாக வேண்டும். ரமலான் நோன்பு 2030இல் ஜனவரி தொடக்கத்தில் ஒருமுறையும், டிசம்பர் கடைசி வாரத்தில் இன்னொரு முறையும் தொடங்கும்.